வெடி நேரத்தில் கிழக்கு மேட்டுக் குரல்

என் உயிரான செல்வராசு அண்ணனுக்கு,

கம்பெனி உன்னைக் கொன்றது. கொன்றுவிட்டு, நீ வயர்லெஸ் செட்டில் கூப்பிடவே இல்லை என்று எழுதியும் வைத்தது.

இப்படித் தொடங்குவது உனக்குப் பிடிக்காது. "எடுத்தவுடனே அடிக்காத பாப்பா, ஆள உக்கார வச்சுட்டு அப்புறம் பேசு" என்பாய். உட்கார வைத்தும் பேசிப் பார்த்தாயிற்று அண்ணே. உட்கார்ந்தார்கள், காபி குடித்தார்கள், எழுந்து போனார்கள். அதனால்தான் இதைச் சங்கத்துப் பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். அரியலூருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் வெட்டும் ஒரு சுரங்கம் என்று தெரிந்தால் வாசிப்பவர்களுக்குப் போதும்.

விபத்து பற்றிக் கம்பெனி எழுதிய அறிக்கையில் உன்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. 'கிழக்கு மேட்டுக் காவலாள் வயர்லெஸ்ஸில் எந்த எச்சரிக்கையும் தராமல், தன் இடத்தை விட்டுத் தானாக இறங்கிச் சென்றார்.' அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டியது நான்தான். அம்மா சோளக்கதிர் கசக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவன் வாயி சும்மா இருக்குமாடி? தூக்கத்துலகூடப் பேசுவானே. ஆளு உள்ள வர்றதப் பாத்துட்டு சும்மா இருந்தான்னு எழுதுனவன் யாரு? அவன் நம்ம வூட்டுக்கு ஒரு நாளாச்சும் வந்திருக்கானா?"

நல்ல கேள்வி. வரவில்லை.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீடுகளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. கொடுப்பதற்கு நிலமே இல்லாத நம் தெருவுக்குக் காண்ட்ராக்ட் வேலை. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் களை எடுத்தவர்கள் நாம். ஆனால் பத்திரத்தில் பெயர் இருந்தவனுக்குத்தான் மண் போனது, நமக்கு ஒன்றும் போகவில்லை என்று கணக்கு. வெடி வைக்கும்போது சுரங்கத்தைச் சுற்றி நாலு பக்கமும் காவலுக்கு ஆள் நிற்க வேண்டும், உள்ளே யாரும் வராதபடி. ஆபீசுக்கும் கேன்டீனுக்கும் பக்கத்து மேடுகளில் நிரந்தரக்காரர்கள் நின்றார்கள். கிழக்கு மேடு தூரம். நிழல் கிடையாது. நடுவில் ஒரு பாறைத் திட்டு மறைக்கும். அங்கே நீ நின்றாய். கையில் சிவப்புக் கொடி, தோளில் வயர்லெஸ் செட். இருக்கிற செட்டுகளில் எதனுடைய பாட்டரி நைந்துபோனதோ அதுதான் கிழக்குக்கு வரும்.

ஆனாலும் அந்தச் செட் வந்த புதிதில் உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. வீட்டிலும் அதே பேச்சு. "சோறு போடு, ஓவர்." "குழம்புல உப்பு இல்ல, ஓவர்." அம்மா கரண்டியைத் தூக்குவாள். "ஓவர்னா என்னடா, முடிஞ்சுதுன்னு அர்த்தமா? அப்ப எந்திரி, சோறும் முடிஞ்சு போச்சு."

இனி இதை வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

முதலில் முறை வேறாக இருந்தது. வெடிக்கு முன்னால் ஒவ்வொரு காவலாளும் தன் பக்கத்தில் ஆள் இல்லை என்று செட்டில் சொல்ல வேண்டும். நாலு பேரும் சொன்ன பிறகுதான் வெடிக்காரர் முருகையண்ணன் வெடியை இயக்குவார். ஆனால் மொத்தச் சுரங்கத்துக்கும் ஒரே அலைவரிசை. எடைமேடை, கிரஷர், ஒர்க்‌ஷாப், அதிகாரியின் ஜீப், காவலாட்கள், எல்லோரும் அதிலேதான் பேசினார்கள். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு விழுந்தது. வெடி தள்ளிப்போனது. லாரிகள் காத்து நின்றன. ஆகவே ஒரு நாள் வாய்மொழியாக உத்தரவு வந்தது: ஒன்றும் இல்லையென்றால் பேசாதே; உள்ளே ஆள் இருந்தால் மட்டும் கூப்பிடு. பேச்சு குறைந்தால் செட் தெளிவாகும். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. உனக்கும்தான்.

அன்று சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாய். "இனிமே நாங்க வாயத் தொறக்கலன்னா சரின்னு அர்த்தம் பாப்பா. பொண்ணு பாக்க வந்தா வூட்டுக்குள்ள கேப்பாங்கல்ல, அது மாதிரி."

குன்னத்திலிருந்து ஒரு கூட்டம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன சமயம் அது. எனக்கு ஆத்திரமாக வந்தது. "பொண்ணு வாயில துணிய அடைச்சிருந்தாலும் சரின்னுதான் அர்த்தமாண்ணே?"

"உன் வாய அடைக்கிற அளவுக்கு எவன்கிட்ட துணி இருக்கு?" என்றாய். அம்மாகூடச் சிரித்தாள்.

நான் அடுத்த வாரமே திருச்சிக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டேன். எம்.எஸ்சி. புள்ளியியல். தெருவில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று சொல்லத் தெரியாது. நீ மட்டும் எல்லோரிடமும் சொல்லிவைத்தாய், "எது நடக்கும் எது நடக்காதுன்னு கணக்குப் போட்டுச் சொல்ற படிப்பு." சோசியம் என்று நினைத்துக்கொண்டு ரெண்டு பேர் ஜாதகத்தோடு வந்தார்கள்.

அன்றைக்கு நடந்தது பவுனக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பவுனக்கா பக்கத்து ஊர், ஆடு மேய்க்கிறவர். குட்டி ஒன்று கிழக்குச் சரிவில் இறங்கிவிட, அதைப் பிடிக்க அவரும் இறங்கியிருக்கிறார். வெடி நேரம் என்று தெரியாது. சங்கு ஊதியது காற்றில் கேட்கவில்லை.

"கொடிய வீசுனாரு, நான் மேல பாக்கல. அப்புறம் அந்தப் பொட்டிய வாயில வச்சுக்கிட்டுக் கத்துனாரு. 'ஆளு இருக்கு, நிறுத்து'ன்னு. காதுல வச்சுப் பாக்குறாரு, திரும்பக் கத்துறாரு. பதிலு வந்த மாதிரி தெரியல. பொட்டியக் கீழ போட்டுட்டு ஓடியாந்தாரு. என்னயப் புடிச்சு அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால தள்ளுனாரு. அவுரு வர்றதுக்குள்ள..."

எப்போது கேட்டாலும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். மீதியை நானும் கேட்பதில்லை.

கம்பெனிக்காரர்கள் பவுனக்காவின் பேச்சை ஒரு வரியில் தள்ளினார்கள். ஆடு மேய்க்கும் பெண்ணுக்கு வயர்லெஸ் பற்றி என்ன தெரியும்? அத்துமீறி உள்ளே வந்தவரே அவர்தானே? அதோடு முடிந்தது. நீ கூப்பிட்டிருந்தால் வெடியை இயக்கியவருக்குக் கேட்டிருக்கும், கேட்கவில்லை, ஆகவே நீ கூப்பிடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினால்கூட அடித்துத் திருத்துவேன், அப்படி ஒரு தர்க்கம்.

முருகையண்ணனைப் பார்க்க விக்கிரமங்கலத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். அவர் வயதுக்கு எனக்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை.

"சத்தியமா எனக்குக் கேக்கல தங்கச்சி."

"நம்புறேன்ணே. அந்த நேரத்துல செட்டுல வேற என்ன கேட்டுச்சு, அதச் சொல்லுங்க."

உள்ளே எட்டி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஜீப்புலேருந்து பேசிக்கிட்டிருந்தாங்க. விருந்தாளிங்க வர்றாங்க, ஸ்டேஷனுக்குக் கார் போயிட்டான்னு. நல்லா தெளிவாக் கேட்டுச்சு. அது முடிஞ்சதும் ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லன்னா சரின்னுதானே தங்கச்சி?"

கேள்வி மாதிரி கேட்டார். திரும்பி வரும் பஸ்ஸில்தான், உன்னிடம் வாயில் துணி என்று நான் எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. கூப்பிடாதவனும் கூப்பிட்டு அமுங்கிப்போனவனும் செட்டின் அந்தப் பக்கத்தில் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். பேச்சைக் குறைத்துத் தெளிவாக்குகிறோம் என்று கிளம்பியவர்கள், கேட்காமல் போவதையே பதிலாக ஆக்கி வைத்துவிட்டார்கள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து, நல்லெண்ணத்தோடு.

திருவிழாவில் ரெண்டு தெருவில் ரெண்டு குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார்கள் இல்லையா, நடுவில் நின்றால் ரெண்டும் குழம்பிக் கேட்கும். இந்தச் செட்டுகள் அப்படி இல்லை அண்ணே. எது பலமாக வருகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, பலம் குறைந்ததைச் சுத்தமாக விழுங்கிவிடும். இரைச்சல்கூடக் கேட்காது. இரைச்சல் கேட்டிருந்தாலாவது முருகையண்ணன் கையை எடுத்திருப்பார். இன்னொன்று, பட்டனை அமுக்கிப் பேசுகிறவனுக்கு அந்த நேரம் காது கிடையாது. தன் குரல் போய்ச் சேர்ந்ததா என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. ஜீப்பில் இருந்தது பெரிய செட், பெரிய பாட்டரி, வெடிக்காரருக்குப் பக்கத்தில். நீ பாறைக்குப் பின்னால், நைந்த பாட்டரியோடு.

இதை நான் சொன்னபோது கம்பெனி ஒரு நிபுணரை வரவழைத்தது. மெட்ராஸ்காரர். மத்தியானச் சாப்பாடு முடிந்து, சுரங்கம் ஓய்ந்திருந்த நேரத்தில், யாரும் செட்டைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு அளந்தார். குறுக்கீடு சராசரியாக மிகக் குறைவு என்று எழுதிக் கொடுத்தார். அவர் அளந்ததில் பிழை இல்லை. பஸ் ஓடாத நாளில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்துவிட்டு, இங்கே கூட்டமே கிடையாது என்று எழுதினாலும் பிழை இருக்காது.

அந்தச் 'சராசரி' என்ற வார்த்தைதான் என்னை விடவில்லை. அது என் படிப்பின் வார்த்தை. என் வார்த்தையை எடுத்து உன் வாயை அடைக்கிறார்கள்.

கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் ஒன்று வந்திருக்கிறது; குளிரூட்டிய அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், எங்களைத் தொடவிட மாட்டார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் சாப்பாட்டுக்கூடத்துத் தரையில் சாக்பீஸால் சுரங்கத்தை வரைந்தேன். மேற்கே ஆபீஸ், வெடிக்காரர் நிற்கும் இடம், கிழக்கே நீ. ஒரு கை புளியங்கொட்டையை அள்ளி வரைபடத்தின் மேல் வீசினேன். ஒவ்வொரு கொட்டையும் ஒரு செட், அது எங்கே விழுகிறதோ அங்கே அந்த ஆள் நிற்கிறான். பிறகு ஒவ்வொரு கொட்டைக்கும் தாயக்கட்டையை உருட்டினேன். தாயம் விழுந்தால் அவன் பட்டனை அமுக்கியிருக்கிறான், வேறு எது விழுந்தாலும் சும்மா இருக்கிறான். வெடி நேரம் என்றால் எல்லோருக்கும் பேச வேலை இருக்கும், வண்டியை நகர்த்து, ஆளை வெளியே எடு என்று. அப்போது தாயம் மட்டுமல்ல, ரெண்டு விழுந்தாலும் பேசுகிறான் என்று வைத்துக்கொண்டேன். வெடிக்காரரிடமிருந்து ஒவ்வொருவனும் எவ்வளவு தூரம் என்று நூல் பிடித்து அளந்து, அவன் குரல் அங்கே எவ்வளவு பலத்தோடு போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டேன். தரையை ஒட்டிப் போகும் இந்த அலைக்குத் தூரம் இரண்டு மடங்கானால் பலம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

என் அறைத்தோழி சாந்தி லால்குடிக்காரி. கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "ஏண்டி, வூட்டுல ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கிறேன்னு சொல்லிட்டு இங்க தாயம் விளையாடுறியா? அதுவும் தனியா?"

"எங்கண்ணன் செத்த கணக்குடி இது."

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். உட்கார்ந்து கட்டையை எடுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் இன்னும் நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி வீச, ஒருத்தி உருட்ட, ஒருத்தி நூல் பிடிக்க, நான் பெருக்கிக் கூட்டினேன். சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை. சமையற்கார அம்மா வந்து, புளியங்கொட்டையை மிதித்து வழுக்கி விழப் பார்த்து, எங்கள் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

திரும்பத் திரும்ப வீசியதில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எத்தனை செட் இருந்தாலும், எல்லாருடைய தொந்தரவையும் கூட்டினால், கூட்டுத்தொகையில் பெரும்பங்கு ஒரே ஒருவனுடையதாக இருக்கும். கேட்பவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன். அவன் வாய் திறக்காத நேரத்தில் குறுக்கீடு ஒன்றுமே இல்லை. திறந்த நேரத்தில் தூரத்துக்காரன் கிடையாது. இந்த ரெண்டையும் கூட்டி வகுத்துச் சராசரி என்றால், எந்த நேரத்திலும் நடக்காத ஒன்றைத்தான் சராசரி சொல்லும். அந்தப் பெரிய அடி எப்போதாவது விழுகிற அடி. ஆனால் அது நாள் முழுக்கச் சமமாகப் பரவி விழுவதில்லை, எல்லோரும் பேசுகிற வெடி நேரத்தில் கொத்தாக விழுகிறது. அதாவது நீ கேட்கப்பட்டே ஆக வேண்டிய நேரத்தில்.

பக்கத்தில் இருப்பவன் குரல்தான் கேட்கும் என்பதைத் தெரிந்துகொள்ளப் புளியங்கொட்டை எதற்கு என்று நம் தெருவில் யாரும் கேட்கலாம். எனக்கும் தெரியும் அண்ணே. ஆனால் அவர்கள் எண்ணால் அடித்தார்கள். எண்ணால்தான் திருப்பி அடிக்க வேண்டும்.

தரையில் போட்ட கணக்குச் சுரங்கத்தில் நிற்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. உன் இடத்தில் இப்போது காசிநாதன் நிற்கிறார், உனக்குத் தெரிந்த காசிதான், கபடியில் உன் காலைப் பிடித்துக் கவிழ்த்தவர். அவரிடமும் முருகையண்ணனிடமும் கேட்டேன். வெடி நேரத்தில் காசி அவ்வப்போது 'கிழக்கு சரி' என்று செட்டில் சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் ஒரு சுண்ணாம்புச் சில்லை மடியில் போட்டுக்கொள்வார். முருகையண்ணன் அது காதில் விழும்போதெல்லாம் ஒரு சில்லைத் தன் மடியில் போட்டுக்கொள்வார். இப்படிச் சில வாரம். முருகையண்ணன் உடனே ஒத்துக்கொண்டார். காசிதான் இழுத்தார்.

"சும்மா இருக்கச் சொன்ன நேரத்துல பேசுனா ஷிப்ட் ஆபீஸ்ல திட்டுவாங்களே."

"திட்டுனா நல்லதுண்ணே, கேட்டுடுச்சுன்னு அர்த்தம்."

"அப்ப திட்டு வாங்காத நாளெல்லாம்தான் பயப்படணும்ங்கிற."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மேட்டில் நிற்பது இப்போது அவர்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் பஸ் நிறுத்தத்துப் பக்கம் ரெண்டு பேர் சில்லையும் துண்டில் கொட்டிப் பார்ப்போம். காசியின் குவியலுக்குப் பக்கத்தில் முருகையண்ணனின் குவியல் இளைத்துப்போய்க் கிடக்கும். நான் எண்ணினேன், எழுதினேன், ஆனால் கண்ணால் பார்த்தாலே போதும். சாக்பீஸ் கணக்கு சொன்னதைவிடக் கொஞ்சம் மோசம். பாறைத் திட்டை நான் குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன். மத்தியான ஓய்வு நேரத்திலும் இதே மாதிரி செய்யச் சொன்னேன். ரெண்டு குவியலும் அநேகமாகச் சமம். நிபுணர் அவர் நின்ற நேரத்துக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

உன் சாவைப் பற்றிய விசாரணை அரியலூரில், ஒரு கட்டடத்து மாடியில் நடந்தது. விசாரணை அதிகாரி, கம்பெனி மேலாளர், அவருக்கு ஒரு வக்கீல், அந்த நிபுணர். நம் பக்கம் நான், அம்மா, பவுனக்கா, சங்கத்துக்காரர் ஒருவர். முருகையண்ணன் வரவில்லை. அவருக்கும் காண்ட்ராக்ட்தான், அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். கோபம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது.

காசி வந்தார். கீழே வாசலில் நின்ற நிரந்தரக்காரர்கள் பார்க்கும்படி, கபடிக்கு இறங்குவது மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மடியிலிருந்து ரெண்டு பேர் சில்லையும் தனித்தனியாகக் கொட்டினார். மேசையில் வெள்ளைத் தூள். மேலாளர் தன் பைலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வக்கீல் என்னிடம் கேட்டார். "ஏம்மா, ஒரே ஒரு தடவை நடந்த சம்பவம் இது. ஒரே ஒரு சம்பவத்துக்குப் புள்ளியியல் எப்படி வரும்? அன்னைக்கு உங்க அண்ணன் கூப்பிட்டார்னு உன் கணக்கு நிச்சயமா சொல்லுமா?"

"சொல்லாது."

சங்கத்துக்காரர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். வக்கீல் உட்காரப் போனார்.

"என் கணக்கு சொல்றது வேற. வெடி நேரத்துல கிழக்கு மேட்டுலேருந்து ஒண்ணும் கேக்கலன்னா, அத வச்சு அங்கேருந்து கூப்பிட்டாங்களா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்க 'கூப்பிடல'ன்னு எழுதுனது எத வச்சு? கேக்கலங்கிறத வச்சு. வேற எதாவது வச்சிருக்கீங்களா?"

அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் நிபுணரைப் பார்த்தார். நிபுணர், பாவம், நேர்மையான ஆள்தான். "அந்த நேரத்துல நான் அளக்கல" என்று மெல்லச் சொன்னார்.

"கேக்கலங்கிறது செட்டோட சாட்சி. அது ரெண்டு பக்கமும் பேசும். பவுனக்கா கண்ணால பாத்தது மனுஷ சாட்சி. அது ஒரு பக்கம்தான் பேசுது. தராசுல ரெண்டையும் வச்சா எது கனம்?"

அம்மா எழுந்து நின்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. "எம்புள்ள கத்தியிருப்பான் சார். சந்தைக்குப் போனாக்கூட நாலு தெரு தள்ளிக் கேக்கும் அவன் தொண்ட." அதிகாரி தலையசைத்தார். எழுத்தர் அதை எழுதவில்லை. எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

முடிவு என்ன என்று கேட்பாய். பாதி ஜெயித்தாயிற்று. சுரங்கத்து வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். வெடி நேரத்தில் காவலாட்களையும் வெடிக்காரரையும் தவிர யாரும் செட்டைத் தொடக்கூடாது. ஜீப்புக்கும் அது பொருந்தும். நாலு பக்கமும் 'சரி' என்று சொல்ல வேண்டும். வெடிக்காரர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கேட்கவில்லையென்றால் வெடி இல்லை. கிழக்குக்குப் புதுப் பாட்டரி. ஏன் இந்த மாற்றம் என்று அறிவிப்பில் ஒரு வார்த்தை கிடையாது. காசி இப்போது 'கிழக்கு சரி' என்றால், அந்தப் பக்கத்திலிருந்து முருகையண்ணன் 'கிழக்கு சரி' என்று திருப்பிச் சொல்கிறார்.

அந்த வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது. மாற்றினால் உன்னைக் கொன்றது அவர்கள் வகுத்த முறை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். முறையை மாற்றினார்கள், வாக்கியத்தை மாற்றவில்லை. இனிமேல் சாகிறவனைக் காப்பாற்றுவார்களாம். செத்தவன் மேல் போட்ட பழி மட்டும் இருக்கட்டுமாம்.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். அம்மா குன்னம் பக்கம் பருத்தி எடுக்கப் போகிறாள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை. பவுனக்கா வாரம் ஒரு முறை வந்து அம்மாவோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறார். ரெண்டு பேரும் உன்னைப் பற்றிப் பேசுவதில்லை, ஆட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். குன்னத்துக் கூட்டம் மறுபடியும் ஆள் அனுப்பியது. வேண்டாம் என்று நானே வாசலில் நின்று சொன்னேன். எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. சாந்தியும் மற்றப் பெண்களும் உன் சுரங்கத்தைத் தரையிலிருந்து அழிக்கவிடவில்லை. சமையற்கார அம்மாவே இப்போது அதைத் தாண்டித்தான் நடக்கிறார். என் ஆய்வுக் கட்டுரையின் பொருள் இதுதான் என்று துறையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இது ரேடியோக்காரர்கள் விஷயம், பெண்களுக்கு மக்கள்தொகைக் கணக்கு போதுமே என்றார்கள். போதாது என்றேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். செட்டைக் கீழே போட்டுவிட்டு இறங்கினாயே, கேட்கவில்லை என்று தெரிந்து இறங்கினாயா? கேட்டிருக்கும், நிறுத்தியிருப்பார்கள் என்று நம்பி இறங்கினாயா? எந்தத் தாயக்கட்டையும் இதைச் சொல்லாது. அதில் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன் அண்ணே. உன்னைப் பற்றித் தெரியாததைத் தெரிந்ததாக எழுதியவர்கள் அவர்கள்.

உனக்கு நான் தரும் வாக்கு இது. படிப்பு முடிந்து எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தாலும், அந்த வாக்கியத்தை அடிக்கும்வரை நான் அரியலூருக்கு வந்துகொண்டிருப்பேன். அடிப்பார்கள். என் கணக்கில் எங்கே தவறு என்று இதுவரை யாராலும் காட்ட முடியவில்லை, இனியும் முடியாது.

இனி இது மேலாளருக்கு. ஐயா, நீங்கள் இந்தப் பத்திரிகையை வரவழைத்துப் படிப்பீர்கள் என்று தெரியும். விசாரணை அன்று மாடிப்படியில் உங்களிடம் கேட்டேன், நீங்கள் காரில் ஏறிவிட்டீர்கள். கடிதத்தில் கேட்டேன், பதில் வரவில்லை. இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். ஒரு நாளைக்கு, என் அண்ணன் செத்தபோது இருந்த முறையையே வையுங்கள், வெடி வேண்டாம், பேச்சு மட்டும். எல்லாச் செட்டும் ஓடட்டும், ஜீப்பும் பேசட்டும். நீங்கள் கிழக்கு மேட்டுக்கு வாருங்கள். என் அண்ணன் நின்ற இடத்தில் நில்லுங்கள், அதே பாட்டரி போட்ட செட்டைப் பிடியுங்கள், 'நிறுத்து' என்று கூப்பிடுங்கள். வெடிக்காரருக்குக் கேட்டால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் உங்கள் கையாலேயே அடியுங்கள். எந்த நாள் வருகிறீர்கள், சொல்லுங்கள்.

உன் கூடப் பிறந்தவள்,
மலர்க்கொடி